அன்புசெல்வியின் விலாசம்

காசிலிங்கம் வக்கீல் ஆபீசில் 'சார் கேக்குறாரு' என்று யாராவது சொன்னால் போதும், பூட்டியிருக்கிற பீரோவும் திறந்துகொள்ளும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். உண்மையிலேயே சார்தான் கேட்கிறாரா என்று திருப்பிக் கேட்கிற துணிச்சல் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கிடையாது. அப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்று விதி போட்டு, அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஹாலில் ஒட்டிவிட்டு, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவள் அரீபா. அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வக்கீல்களைப் பற்றித் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆபீஸ் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. ஆளுயர ஜன்னல்கள், முழங்கை கனத்துக்குச் சுவர்கள். அந்தச் சுவர்களில் இணைய வயரை இழுத்து முடிப்பதற்குள் எலெக்ட்ரீஷியன் வாழ்க்கையே வெறுத்துப் போனான். அரீபாவின் மேஜையில் 'ஐ.டி. மேலாளர்' என்று பலகை இருக்கும். மெயில், கோப்புகள் இருக்கிற கிளவுட், யார் எதைத் திறக்கலாம் எதைத் திறக்கக் கூடாது என்கிற ஏற்பாடு, வைரஸ், திருட்டு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. ஆனால் ஜூனியர் வக்கீல்கள் அவளைத் தேடி வருவது பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டால் மட்டும்தான். அவளும் முகம் சுளிக்காமல் பேப்பரை உருவிக் கொடுப்பாள். வாப்பா கடையை மூடிய பிறகு முல்லா வீதியில் அவர்கள் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

காசிலிங்கம் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப் போக அவர்மேல் கோபம்தான் வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா என்கிற சிப்பாய்க் குடும்பங்கள் அவரை இன்னமும் 'மேத்ர்' என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சில் வக்கீலுக்கு அதுதான் மரியாதை. கோர்ட்டில் எழுந்து நின்றார் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். ஏழைபாழைகளின் வழக்கையும் எடுப்பார், எடுத்தால் விடமாட்டார். அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். உலகத்தில் எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்யலாம், தன்னை மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பாஸ்வேர்டு அவர் பெயரும் அவர் வக்கீலாகப் பதிவு செய்த வருஷமும். அரீபா அதை மாற்றினால் அடுத்த வாரமே பழையபடி மாற்றச் சொல்வார். அவர் கணக்கைத் திறப்பதற்கு வருகிற ஓடிபி எண்ணையாவது அவருடைய போனுக்கே போகும்படி வைக்கலாம் என்றால், அதெல்லாம் தனக்குச் சரிப்படாது என்று ஆபீஸ் போனுக்கு வரச் செய்துவிட்டார். அந்தப் போன் ஹாலில் குமாஸ்தா செல்வகுமாரின் மேஜையில் கிடக்கும். அரீபா வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, செல்வகுமார் அந்த எண்ணை மீன் ஏலம் விடுகிற மாதிரி அறையை நோக்கிக் கத்திச் சொல்வார்.

அதனால்தான் விதி போட்டாள். ஓடிபியோ பாஸ்வேர்டோ யார் மெசேஜில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, கேட்டவருடைய சொந்த நம்பருக்குக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு, அவர்தான் என்று உறுதி செய்துகொண்டுதான் கொடுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற விதி. அதை முதன்முதலில் கடைப்பிடித்தவள் தீபலட்சுமி என்கிற ஜூனியர். செல்வகுமார் விடுப்பில் இருந்த நாளில், சென்னைக்குப் போயிருந்த சார் ஓடிபி கேட்டு மெசேஜ் அனுப்பினார். தீபலட்சுமி அவரைக் கூப்பிட்டு, "சார், நீங்கதான் கேட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் ஹாலில் நாற்காலி கொள்ளாத கூட்டம். அத்தனை பேருக்கும் முன்னால் காசிலிங்கம் அவளை நிற்க வைத்தார். "நான்தானான்னு என்னையே செக் பண்றியா? என்கிட்ட தொழில் கத்துக்க வந்தியா, எனக்கு அடையாள அட்டை குடுக்க வந்தியா?" என்று ஆரம்பித்துக் கிழி கிழி என்று கிழித்தார். அந்தப் பெண் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். அரீபா பொறுக்கமாட்டாமல் சாரின் அறைக்கே போய், "அவ செஞ்சதுதான் சார் சரி" என்றாள்.

அவர் சிரித்தார். "விதியெல்லாம் ஆபீசுக்கும்மா. எனக்குமா?"

அதோடு அந்த விதி சுவரில் மட்டும் இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சார் காலையிலேயே கோர்ட்டுக்குப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அரீபாவின் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. சாருடைய கணக்கு, இதுவரை பார்க்காத ஒரு கம்ப்யூட்டரில், எங்கோ ஓர் ஊரில் திறந்திருந்தது. கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கணக்கை முடக்கி, திறந்திருந்த எல்லா இடங்களிலிருந்தும் சாரை வெளியேற்றிவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

நேராகச் செல்வகுமாரின் மேஜைக்குப் போனாள்.

"அண்ணே, சாருக்கு வந்த ஓடிபிய யாருக்காவது குடுத்தீங்களா?"

"யாருக்கோ ஏம்மா குடுக்கறேன்? சாருக்குத்தான் குடுத்தேன். கேட்டாரு, அனுப்பிட்டேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் கறுப்புக் கவுன் போட்ட சாரின் போட்டோ. 'கோர்ட்டில் இருக்கிறேன். என் போனில் சார்ஜ் இல்லை, ஜூனியர் போனிலிருந்து அனுப்புகிறேன். ஒரு ஓடிபி வரும், உடனே அனுப்பு. கூப்பிடாதே, ஜட்ஜ் இருக்கிறார்.'

"இது சாரு நம்பர் இல்லண்ணே. எந்த ஜூனியர் நம்பரும் இல்ல."

"போட்டோ இருக்குதே?"

"போட்டோவ யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம்ணே."

செல்வகுமார் போனை மேஜைமேல் வைத்தார். தலை நரைக்கிற வரைக்கும் அந்த ஆபீசில் ஒரு காகிதம் தொலையாமல் பார்த்துக்கொண்ட மனிதர். "கூப்பிடாதன்னு போட்டிருந்துதேம்மா" என்றார். "கூப்பிட்டு, நீங்கதானான்னு சாரையே எப்படிக் கேக்கறது?"

அவரைத் திட்ட அரீபாவுக்கு வாய் வரவில்லை. திருடன் அந்த ஆபீசை எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். பாஸ்வேர்டை ஊகிப்பதற்குப் பெரிய மூளை தேவைப்பட்டிருக்காது. மிச்சமிருந்ததை இந்தப் பயமே எடுத்துக் கொடுத்துவிட்டது.

என்னென்ன போயிற்று என்று பார்த்தாள். நாலைந்து வழக்குக் கோப்புகள் முழுதாக இறங்கியிருந்தன. அவன் முதலில் போய்த் திறந்தது எது என்றும் பார்த்தாள். அது அன்புசெல்வியின் கோப்பு.

அன்புசெல்வி வீராம்பட்டினத்துப் பெண். இறால் உரித்துப் பெட்டி கட்டி அனுப்புகிற ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவள். அங்கே குளிர்பதன அறையில் அம்மோனியா கசிந்து, வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி வீடு திரும்பவேயில்லை. கசிவும் இல்லை ஒன்றும் இல்லை, பட்டினியாக வந்து மயங்கிவிட்டார்கள் என்று கம்பெனி கைகழுவியது. காசிலிங்கம் மூலம் தன் பெயரிலேயே வழக்குப் போட்டு, வால்வு பழுது என்று தான் முன்கூட்டியே சொன்னதையும், சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று முதலாளி பதில் சொன்னதையும் கோர்ட்டில் சொல்கிறேன் என்று முன்வந்த ஒரே ஆள் அன்புசெல்விதான். அதற்குப் பிறகு அவள் வீட்டெதிரே முகம் தெரியாத ஆட்கள் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் அவள் அண்ணனின் வலைகள் எரிந்தன.

அதனால் அவள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு சிநேகிதி வீட்டு மாடியில் ஒளிந்திருந்தாள். அந்த விலாசத்தை மூடிய கவரில்தான் கோர்ட்டுக்கே கொடுத்திருந்தார்கள். அவள் சாட்சி சொல்வதற்கு இன்னும் சில நாள்தான் பாக்கி. விலாசம், அவளுடைய புது நம்பர், எந்தத் தெரு, எந்த மாடி என்பது எல்லாம் அந்தக் கோப்பில் பளிச்சென்று இருந்தன.

சார் கோர்ட்டிலிருந்து வந்ததும் அரீபா அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். செல்வகுமார் ஓர் ஓரமாக நின்றார். காசிலிங்கம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் செல்வகுமாரைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். பிறகு அரீபாவிடம், "இது இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது" என்றார்.

"அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்னு விதி இருக்கு சார். அத நான் எழுதிடறேன். அதவிட அவசரம் அன்புசெல்வி. அவங்களுக்கு இப்பவே சொல்லணும்."

"சொன்னா என்னாகும்னு யோசிச்சியா? பயந்துடுவா. சாட்சி சொல்ல வரமாட்டா. கேஸ் போச்சு. செத்துப்போன பொண்ணுக்கு நியாயம் வேணுமா வேணாமா?"

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் அரீபாவை எரிச்சல்படுத்தியது. "அவங்க முதல்ல உயிரோட இருக்கணும் சார்."

"திருடினவன் யாருன்னே தெரியாது. எவனோ வடக்கத்திக்காரன் பணம் பறிக்கறதுக்காகச் செஞ்சிருப்பான்."

"பணம் பறிக்க வந்தவன் கணக்கு வழக்கத்தான் சார் முதல்ல தொறப்பான். இவன் நேரா அவங்க கோப்புக்குப் போயிருக்கான்."

"அரீபா." அவர் குரலை உயர்த்தவில்லை. கோர்ட்டிலும் உயர்த்தமாட்டார், அதுதான் அவரிடம் பயமே. "அவ என் கட்சிக்காரி. அவகிட்ட என்ன சொல்லணும், எப்ப சொல்லணும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு நல்ல வேளை பாத்து நானே பக்குவமா சொல்லிக்கறேன். காசிலிங்கம் ஆபீஸ்ல திருடு போச்சுன்னு நாளைக்குப் பார் ரூம்ல பேசக் கூடாது. நீ கம்ப்யூட்டரப் பாரு."

கடைசியில் வந்தது அந்த பார் ரூம்தான். வக்கீல்கள் கூடி டீ குடிக்கிற அறையில் தன் பெயர் அடிபடக் கூடாது. அதற்காக ஒருத்தி, ஆட்கள் தேடி வருவது தெரியாமல் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கலாம். அரீபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியே வந்து பையை எடுத்தாள்.

போனில் சொல்ல வழியில்லை. புது நம்பரும் கோப்போடு திருடன் கைக்குப் போய்விட்டது, அதில் பேசுவது ஆபத்து, தவிர தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே கூடாது என்று அன்புசெல்விக்குச் செல்வகுமார் மூலம் சொல்லி அனுப்பியவளும் அரீபாதான். ஸ்கூட்டரை உதைக்கிறபோது செல்வகுமார் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நானும் வரேம்மா. கையெழுத்து வாங்க நான்தான் அங்க போவேன். உன்னப் பாத்தா அந்தப் பொண்ணு கதவத் தொறக்காது."

"சாருக்குத் தெரிஞ்சா?"

"அதான் வர வேணாம்னு சொல்லிட்டாரே. இனிமே என்னா சொல்லப்போறாரு?"

இந்திரா காந்தி சிலையைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் ஏறியபோது வழக்கமான நெரிசல். ஒரு பஸ் மூச்சு முட்ட நின்றது, அதன் இடுக்கில் ஆட்டோக்கள் மூக்கை நுழைத்தன. செல்வகுமார் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் 'பாத்தும்மா, பாத்தும்மா' என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரீபாவின் மனதில் ஒரே கேள்விதான். அவர்கள் முந்திவிட்டிருந்தால் என்ன செய்வது?

முந்தவில்லை. மாடிக் கதவு கொஞ்சமாகத் திறந்து, செல்வகுமாரைப் பார்த்ததும் முழுதாகத் திறந்தது. அன்புசெல்வி ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், கையில் ஒரு சட்டை இருந்தது. அரீபாவைவிட இளையவள், நல்ல உயரம். அரீபா தன் பெயரைச் சொல்லி, உட்காரச் சொன்னபோது உட்காராமல், விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஆபீசிலிருந்து உங்கள் கோப்பு திருடு போய்விட்டது, அதில் இந்த விலாசம் இருந்தது, யார் எடுத்தார்கள் என்று தெரியாது, அவர்களாக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன் என்றாள்.

அன்புசெல்வி கையிலிருந்த சட்டையை முறுக்கினாள். "ஒளிச்சு வெக்கறோம்னு சொல்லித்தானக்கா இந்த அட்ரச வாங்கினீங்க" என்றாள். "எங்க அம்மாவுக்குக்கூட நான் சொல்லல. உங்ககிட்டதான் சொன்னேன்."

"ஆமா" என்றாள் அரீபா. பூசி மெழுக நினைத்தால் வார்த்தை கிடைத்திருக்கும், நினைக்கவில்லை. செல்வகுமார், "நான்தாம்மா குடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தார். அன்புசெல்வி அவரைக் கையமர்த்தினாள். "அத அப்புறம் பேசலாம். இப்ப நான் எங்க போறது?"

"எங்க போறீங்கன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க" என்றாள் அரீபா. "சொன்னா அதயும் ஒரு கோப்புல ஏத்தி வச்சிருவோம்."

அன்புசெல்வி கோபம் குறையாமலேயே, சிரித்துவிட்டாள். துணிகளைக் கொடியிலிருந்து உருவி, ஈரத்தோடேயே பையில் திணித்தாள். சிம் கார்டைக் கழற்றி அரீபாவின் கையில் வைத்தாள். படியிறங்குகிற இடத்தில் நின்று திரும்பினாள்.

"உங்க சாரு ஏன் வரல?"

அரீபா உண்மையைச் சொன்னாள். "சொன்னா நீங்க பயந்துகினு கோர்ட்டுக்கு வரமாட்டீங்கன்னு நெனைக்கிறாரு."

"வலைய எரிச்சப்பவே வரேன்னு சொன்னவ நான். இதுக்கா பயந்துடுவேன்? அவருகிட்ட நானே பேசிக்கறேன்."

அவள் ஒரு ஆட்டோவில் ஏறிப் போனாள். எந்தப் பக்கம் திரும்பியது என்று அரீபா வேண்டுமென்றே பார்க்கவில்லை.

மறுநாள் காலை அரீபா ஆபீசுக்குப் போனபோது, வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட செல்வகுமார் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். வேறு எங்கே போவது என்று தெரியாமல் கால் தானாக வந்துவிட்டதாம். ரெட்டியார்பாளையத்தில் அன்புசெல்வி தங்கியிருந்த வீட்டுச் சிநேகிதி அவருக்குப் போன் செய்திருந்தாள். முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேர் வந்தார்களாம். அன்புசெல்விக்குக் கூரியர் என்றார்களாம். கையில் பார்சல் எதுவும் இல்லையாம். பூட்டியிருந்த மாடிக் கதவை ஒருவன் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனானாம்.

கேட்டதும் அரீபா, சார் சொன்னபடி நல்ல வேளைக்குக் காத்திருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தாள், முழுதாக நினைக்க முடியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து மணி அடித்தது.

"ரெண்டு பேரும் வாங்க" என்றார் காசிலிங்கம். அவர் கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது. அன்புசெல்வி முந்தின நாளே எங்கிருந்தோ அவருக்குப் போன் செய்து, கோர்ட்டுக்கு வருவேன், சாட்சி சொல்வேன், ஆனால் என் உயிர் விஷயத்தை என்னிடம் மறைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று நறுக்கென்று கேட்டிருந்தாள். வந்தவர்கள் கதவை உதைத்ததைச் செல்வகுமார் இப்போது சொன்னார். சார் அதைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூக்கு உடைபட்ட கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற கோபம் இல்லை.

"நான் வேணாம்னு சொன்னத நீ செஞ்சிருக்க" என்றார் அரீபாவிடம். "அது சரியா போச்சா தப்பா போச்சாங்கறது வேற. என் ஆபீஸ்ல என் பேச்சக் கேக்காதவங்களுக்கு வேலை இல்ல. செல்வகுமார், கடைசியா இத அடிச்சிட்டுப் போ. எழுது, 'தாங்கள் அலுவலகக் கட்டுப்பாட்டை மீறியதால்'..."

செல்வகுமார் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தக் கட்டுப்பாடு சார்?" என்றாள் அரீபா. "காரணத்தத் தெளிவா போட்டுக் குடுங்க. நான் எங்கயாவது காட்டணும் இல்ல."

வீட்டில் உம்மாவின் முகம் ஒரு தரம் வந்து போனது, அதை ஒதுக்கி வைத்தாள்.

"போடறேன். 'அலுவலக ரகசியத்தை வெளியாருக்குத் தெரிவித்ததால்'. அடி."

"அன்புசெல்வி வெளியாளா சார்? கேஸ் அவங்களுது. விலாசம் அவங்களுது."

காசிலிங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மனுவையும் எதிர்த்தரப்பு வக்கீலின் கண்ணோடு படித்துப் பார்த்து, அடி வாங்கக்கூடிய வார்த்தையை எடுத்துவிடுவார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 'வெளியார்' அடி வாங்கும் என்று அவருக்கே தெரிந்தது. "அத எடுத்துட்டு 'கட்சிக்காரர்'னு போடு" என்றார். பிறகு 'ரகசியம்' உதைத்தது, அதையும் எடுத்து என்ன விஷயம் என்றே போடச் சொன்னார். பொய்யாக ஒரு வாசகம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆள் அவர் இல்லை. அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

"படி" என்றார்.

மனு வாசிக்கிற அதே ராகத்தில் செல்வகுமார் படித்தார். "'நமது கட்சிக்காரரிடம், அவரது விலாசம் நமது அலுவலகத்திலிருந்து திருடப்பட்டதை, நமது அனுமதியின்றித் தெரிவித்த காரணத்தால், தங்களைப் பணியிலிருந்து நீக்குகிறோம்.'"

காசிலிங்கம் எதையும் திருத்தச் சொல்லவில்லை.

செல்வகுமார் கண்ணாடியைக் கழற்றினார். "சார், எனக்கும் ஒரு லெட்டர் அடிக்கணும் இல்ல. அதுல காரணம் நானே சொல்லிடறேன். கூப்பிட்டுக் கேக்கணும்னு சொவத்துல எழுதியிருந்துச்சு. தெனம் பாக்கறேன். உங்களக் கேக்க பயந்துகினு கேக்காம குடுத்துட்டேன். அத அப்படியே எழுதிக்கறேன் சார்."

இத்தனை வருஷத்தில் அவர் சாரிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. காசிலிங்கத்தின் முகம் சிவந்தது, பிறகு சிவப்பு வடிந்தது. "அழிச்சிடு" என்றார் மெதுவாக.

"அழிக்காதீங்கண்ணே" என்றாள் அரீபா. "பிரிண்ட் எடுங்க."

பிரிண்டர் என்றும் இல்லாத அதிசயமாகச் சிக்காமல் தாளைத் துப்பியது. அரீபா அதை எடுத்துச் சாரின் முன்னால், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கையெழுத்து போட்டுக் குடுங்க சார், வாங்கிட்டுப் போறேன். அழுதுகினெல்லாம் போவமாட்டேன், பெருமையாவே போவேன். போடலன்னா எனக்கு வேலை இருக்கு. இன்னும் சில கட்சிக்காரங்க கோப்பும் நேத்தே போயிருக்கு. அவங்களுக்கும் யாரும் சொல்லல."

அவர் பேனாவைத் தொடவில்லை. அரீபா கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனாள், திறந்த கதவைச் சாத்தவில்லை. ஹாலில் வழக்கம்போல் கூட்டம். பெஞ்சில் இருந்தவர்கள், நின்றுகொண்டிருந்த ஜூனியர்கள், தீபலட்சுமி எல்லோரும் பார்க்க, செல்வகுமாரின் மேஜையில் இருந்த தரைவழிப் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள். சொல்தா குடும்பத்து ஆதிலட்சுமி அம்மாளின் நம்பர். அந்த அம்மாளின் பென்ஷன் காகிதங்கள், பிரெஞ்சுப் பிரஜை என்பதற்கான பத்திரங்கள் எல்லாம் திருட்டில் போயிருந்தன.

"அம்மா, வணக்கம். காசிலிங்கம் சார் ஆபீஸ்லேர்ந்து அரீபா பேசறேன். உங்க காகிதமெல்லாம் எங்க கம்ப்யூட்டர்லேர்ந்து திருடு போயிடுச்சு. யாராவது உங்க பேர்ல பென்ஷன் ஆபீசுக்கு எழுதுவான், உங்களுக்கே போன் பண்ணுவான். ஒண்ணும் குடுத்துடாதீங்க. நாங்க சரியா காவந்து பண்ணல. தப்பு எங்களுது."

ஹால் முழுக்கக் கேட்டது. பெஞ்சில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். ஒரு ஜூனியர் நாக்கைக் கடித்தான். காசிலிங்கம் எழுந்து வந்து தன் அறை வாசலில் நின்றார். கையில் அந்தத் தாள் இருந்தது, கையெழுத்து இல்லை.

மறுமுனையில் ஆதிலட்சுமி அம்மாள் பதறவில்லை. பெரிய குடும்பத்துக் குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இது மேத்ருக்குத் தெரியுமாம்மா? அவரு இன்னா சொல்றாரு?"

அரீபா நிமிர்ந்து பார்த்தாள். பார் ரூமில் எதைப் பேசக் கூடாது என்று அவர் பயந்தாரோ, அது இப்போதே ஹாலில் பாதிப் பேர் வாயில் இருந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. இனி என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் பாக்கி.

"இங்கதாம்மா நிக்கறாரு. அவரையே கேளுங்க" என்று சொல்லி, ரிசீவரை அவரை நோக்கி நீட்டினாள். அவர் அந்த நீள ஹாலைக் கடந்து நடந்து வந்து அதை வாங்குகிற வரைக்கும், நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.